மேகத்திற்குள் விமானி எதை நம்புகிறார்?



டிசம்பர் மாதக் கடைசியில் ஊருக்குச் சென்று, கிறிஸ்துமஸ் ஆராதனையை முடித்து, மீண்டும் தில்லிக்கு விமானத்தில் திரும்பியிருக்கிறீர்களா? சென்னையில் ஏறும்போது நல்ல வெயில். தில்லியை நெருங்கும்போதோ சாளரத்திற்கு வெளியே வெண்மை ஒன்றே தெரியும். இறக்கையின் நுனிகூடக் கண்ணுக்குப் புலப்படாது. பயணிகளின் பேச்சு அடங்கிவிடும். சிலர் உதடுகளுக்குள் ஜெபிப்பர். திடீரெனச் சக்கரங்கள் தரையைத் தொடும். அதன் பின்னரே ஓடுபாதையின் விளக்குகள் மங்கலாய்த் தெரியும். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று நாம் பெருமூச்சு விடுவோம்.

நம்மைப் பத்திரமாய் இறக்கியவர் கர்த்தரே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எந்தக் கரங்களைக் கொண்டு, எந்தப் பயிற்சியைக் கொண்டு அவர் நம்மை இறக்கினார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வெளியே எதுவுமே தெரியாதபோது விமானி எதைப் பார்த்து ஓட்டுகிறார்?

இக்கேள்வியை நான் கேட்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மும்பை சபையில் ஒரு தம்பி இருக்கிறார். தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக் குடும்பத்தைக் காத்தவர். மகனுக்கு விமானி ஆக வேண்டும் என்ற ஆசை. ஓர் உபவாச ஜெபத்தில், "நீ உயரப் பறப்பாய்" என்று அவனைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லப்பட்டது. நாங்கள் எல்லோரும் ஆமென் என்றோம். நானும் சொன்னேன். ஊரிலிருந்த நிலம் விற்கப்பட்டது, வங்கியில் கடனும் வாங்கப்பட்டது. தம்பி வெளிமாநிலத்திலுள்ள ஒரு பயிற்சிப் பள்ளிக்குச் சென்றான்.

ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தான். "அண்ணாச்சி, இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் சோதனையில் தவறிவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். ஆண்டவர் சொன்ன வார்த்தை பொய்யா?" என்று கேட்டு அழுதான்.

ஜெபித்தேன். ஆனால் ஜெபித்து முடித்தபின், அவன் எதில் தவறினான் என்பதே எனக்குத் தெரியவில்லை என்பதை உணர்ந்தேன். ஆமென் சொல்லத் தெரிந்த எனக்கு, அவன் என்ன படிக்கிறான் என்று கேட்கத் தெரியவில்லை. அதற்குப் பின்பே கேட்டேன், படித்தேன். அப்படி அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன். விமானி ஆக விரும்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் இது உங்களுக்குப் பயன்படும்.

செவிக்குள் இருக்கும் பொய்ச்சாட்சி

கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நாம் விழுந்துவிடுவதில்லை. நமது உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றினுள் ஒரு திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அத்திரவம் பின்தங்கி, நுண்ணிய மயிரணுக்களை வளைக்கிறது. அதைக் கொண்டே மூளை, "நான் திரும்புகிறேன்" என்று அறிகிறது. தரையில் நடப்பதற்குத் தேவன் தந்த அற்புதமான அமைப்பு அது.

ஆனால் அது மேகத்திற்குள் பறப்பதற்கு ஏற்றதன்று. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், ஏறக்குறைய 20 வினாடிகளில் அந்தத் திரவமும் குழாயோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். அப்பொழுது மயிரணுக்கள் நிமிர்ந்துவிடும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டேயிருக்க, விமானியின் உடலோ "நேராகப் போகிறோம்" என்று சொல்லும். அவர் விமானத்தை நிமிர்த்தினாலோ, "எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டோம்" என்று அலறும். அதை நம்பி மீண்டும் பழைய பக்கமே சாய்ப்பார். விமானம் சுழன்றுகொண்டே இறங்கும். உயரம் குறைவதைக் கண்டு முகப்பை மேலே இழுத்தால் சுழற்சி இன்னும் இறுகும். இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரின் பொருள் "கல்லறைச் சுழல்" என்பதாகும்.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினர். கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி பெறாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து விமானத்தை ஓட்டச் சொன்னார்கள். அருகில் பயிற்றுநர் இருந்தார். 20 பேரில் ஒருவராலும் தப்ப முடியவில்லை. அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சராசரியாக ஆன நேரம் 178 வினாடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை.

அவர்களில் எவரும் சோம்பேறிகளோ மூடர்களோ அல்லர். தங்கள் உணர்வை நம்பினார்கள், அவ்வளவே. அதே ஆட்கள் சில மணி நேரப் பயிற்சிக்குப்பின், அதே நிலையிலிருந்து பெரும்பாலும் பத்திரமாய்த் திரும்பினார்கள்.

1999 ஜூலை 16-ஆம் தேதி இரவு, அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கென்னடியின் மகன் தாமே ஓட்டிச் சென்ற சிறிய விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. மனைவி, மனைவியின் சகோதரி ஆகியோருடன் அவரும் மாண்டார். இருளிலும் மங்கலான வானிலும் திசையுணர்வை இழந்ததே காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. கருவிவழிப் பறப்புக்கான பயிற்சியை அவர் தொடங்கியிருந்தார். முடித்திருக்கவில்லை.

திரையிட்ட அறையில் ஒரு விமானி

1929 செப்டம்பர் 24-ஆம் தேதி, நியூயார்க் அருகேயுள்ள மிட்செல் களத்தில், ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி தம் இருக்கையைச் சுற்றித் திரையிட்டு மூடிக்கொண்டு விமானத்தை மேலெழுப்பி, வட்டமடித்து, மீண்டும் தரையிறக்கினார். வெளியே எதையும் அவர் காணவில்லை. ஆபத்து நேர்ந்தால் காப்பதற்காக முன்னிருக்கையில் மற்றொரு விமானி அமர்ந்திருந்தார். கருவிகளை மட்டுமே நோக்கிப் புறப்பாடு முதல் இறக்கம்வரை நிகழ்ந்த முதல் பறப்பு அதுவே. இன்றைக்கு நீங்களும் நானும் மூடுபனியில் வந்து இறங்குவதற்கு அந்த நாளே தொடக்கம்.

அவர் நம்பியவற்றில் முக்கியமானது "செயற்கை அடிவானம்" எனப்படும் கருவி. வேகமாகச் சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை மாற்றாமல் நிலைத்திருக்கும். விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அச்சக்கரம் சாயாது. அதைக்கொண்டு, வானம் எது, நிலம் எது, நீ எவ்வளவு சாய்ந்திருக்கிறாய் என்று அக்கருவி காட்டிவிடும்.

பயிற்சி விமானத்தின் முகப்பில் பொதுவாக ஆறு வட்டக் கருவிகள் இருக்கும். வேகமானி, செயற்கை அடிவானம், உயரமானி, திரும்பும் அளவைக் காட்டும் கருவி, திசைகாட்டி, ஏற்ற இறக்கத்தின் வேகத்தைக் காட்டும் கருவி ஆகியவை அவை. புதிய விமானங்களில் இவை கணினித் திரையில் தெரிகின்றன. அவை சொல்லும் செய்தி அதுவேதான்.

பயிற்சி நடக்கும் விதம்

நமது நாட்டில் வணிக விமானி உரிமம் பெறுவதற்கு 200 மணி நேரப் பறப்பும், டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வுகளும், மருத்துவச் சான்றும் வேண்டும். அதனோடு சேர்த்துப் பெறவேண்டியதே இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் எனப்படும் கருவிவழிப் பறப்புத் தகுதி. இதற்குச் சர்வதேச விதி கேட்பவை இரண்டு: தலைமை விமானியாக ஊர்விட்டு ஊர் 50 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், கருவிகளைக் கொண்டே பறந்த நேரம் 40 மணி இருக்க வேண்டும். அந்த 40-இல் ஒரு பகுதியைத் தரையிலுள்ள சிமுலேட்டரில் செய்யலாம். இத்தகுதி இல்லாதவர் வெளியே தெளிவாகத் தெரியும் வானிலையில் மட்டுமே பறக்கலாம். எந்த விமான நிறுவனமும் அவரை ஏற்காது.

பயிற்சியில் மாணவர் தலையில் ஒரு மறைப்பை அணிவிப்பார்கள். "ஹுட்" என்பார்கள். அதை அணிந்தால் முகப்பிலுள்ள கருவிகள் தெரியும், வெளியே தெரியாது. முதலில் கற்க வேண்டியவை மூன்று: கருவிகளை மாறிமாறிப் பார்த்துச் சரிபார்த்தல், அவை கூறுவதைப் புரிந்துகொள்ளல், அதற்கேற்பக் கையை அசைத்தல். கண் செயற்கை அடிவானத்தில் தொடங்கி, மற்றொரு கருவிக்குச் சென்று, மீண்டும் அடிவானத்துக்கே திரும்ப வேண்டும். பிறகு அடுத்தது. இப்படியே ஓயாமல்.

மாணவர்கள் செய்யும் பிழைகளும் மூன்று. ஒரே கருவியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருத்தல். ஒன்றைப் பார்க்கவே மறந்துவிடுதல். எல்லாவற்றையும் சேர்த்துப் பாராமல் தனக்குப் பிடித்த ஒன்றுக்கே மிகுந்த இடங்கொடுத்தல். இதைப் படித்தபோது, ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு வேதத்தின் மற்றப் பக்கங்களைத் திறவாத நம்மில் சிலரை நினைத்துக்கொண்டேன்.

பின்னர் இன்னும் கடினமான பாடங்கள் வரும். கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொள்ளும்படி மாணவரிடம் சொல்லிவிட்டு, பயிற்றுநர் விமானத்தை இங்கும் அங்கும் சாய்த்து, ஏறுமாறான நிலையில் நிறுத்துவார். "இப்போது உன் கையில்" என்பார். கண் திறக்கும் மாணவர் தன் வயிறும் செவியும் சொல்வதைத் தள்ளிவிட்டு, கருவி சொல்வதைக் கொண்டு விமானத்தை நிமிர்த்த வேண்டும்.

இறங்கும் பாடம் அதன் பின்பு. ஓடுபாதையிலிருந்து வரும் இரண்டு வானொலிக் கற்றைகளில் ஒன்று இடவலத்தைக் காட்டும், மற்றொன்று ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்கும் பாதையைக் காட்டும். இரண்டு முட்களையும் நடுவில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். சாதாரண முறையில், தரைக்கு மேல் 200 அடி வரும்போது ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தயங்காமல் மேலெழும்பிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்" என்பதற்கு அங்கே இடமில்லை. தில்லியின் அடர்பனியில், ஓடுபாதையில் 50 மீட்டர் மட்டுமே தெரியும்போதும் இறங்க வசதியுண்டு. அங்கே தானியங்கிக் கருவியே விமானத்தை இறக்குகிறது. ஆயினும் அதற்கென்று தனிப்பயிற்சி பெற்ற விமானிகள், அது சரியாக இறக்குகிறதா என்று ஒவ்வொரு நொடியும் கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் தம்பி தவறியது எங்கே தெரியுமா? "திரும்பும்போது நான் நேராக இருக்கிறேன் என்றே என் உடம்பு சொன்னது, அண்ணாச்சி. கருவி சாய்ந்திருக்கிறேன் என்றது. ஜெபித்துவிட்டுத்தானே ஏறினேன், எனக்குள் சமாதானம் இருந்தது. ஆகவே உடம்பை நம்பினேன்" என்றான்.

அவனுக்குள் இருந்த சமாதானத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சமாதானம் உயரமானி அல்ல.

கருவியும் பிழைக்கலாம் அல்லவா?

நியாயமான கேள்வி. மும்பை வாசிகளில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1978 ஜனவரி 1-ஆம் தேதி இரவு, "எம்பரர் அசோகா" என்ற ஏர் இந்தியா விமானம் துபாய்க்குப் புறப்பட்ட சில நிமிடங்களுக்குள் பாந்த்ராவை அடுத்த அரபிக்கடலில் விழுந்து 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் முன்னிருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டிற்று. அதைச் சரிசெய்வதாக எண்ணி இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். கீழே இருண்ட கடல், கண்ணுக்கு அடிவானமும் இல்லை. அறையில் வேறு கருவிகளும் இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டு உண்மையைக் காணுமுன் காலம் கடந்துவிட்டது.

ஆகவேதான் பயிற்றுநர்கள் சில வேளைகளில் செயற்கை அடிவானத்தை அட்டையால் மூடிவிட்டு, மற்றக் கருவிகளைக் கொண்டு ஓட்டச் சொல்கிறார்கள். ஒரு கருவி சொல்வதை மற்றவை ஆமோதிக்க வேண்டும். ஆமோதிக்காவிட்டால், எது தனித்து நிற்கிறதோ அதைச் சந்தேகிக்க வேண்டும்.

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். ஆவியானவர் இன்றும் பேசுகிறார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். அதில் நான் பின்வாங்கவில்லை. ஆனால் சபையில் தீர்க்கதரிசனம் சொல்லப்படும்போது மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்க வேண்டும் என்று கற்பித்தவரும் அப்போஸ்தலனாகிய பவுலே. நாங்கள் நிதானித்தோமா? பிள்ளையின் மதிப்பெண் எப்படி, குடும்பத்தின் வருமானம் எவ்வளவு, கடனுக்கு வட்டி என்ன, தவறினால் வழி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அவிசுவாசம் என்று எண்ணினோம். ஒரே கருவியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பவுல் சென்ற கப்பல்

அப்போஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரத்தை இம்மாதம் குடும்ப ஜெபத்தில் வாசித்துப் பாருங்கள். மெல்லிய தென்றல் அடித்தவுடன், காரியம் கைகூடிற்று என்று எண்ணிக் கப்பலை ஓட்டியவர்கள், சிறிது நேரத்தில் யூரோக்கிலிதோன் காற்றில் அகப்பட்டார்கள். பல நாள் சூரியனும் நட்சத்திரங்களும் தெரியவில்லை. அக்காலத்து மாலுமிக்கு அவையே கருவிகள்.

அந்த இருளில் தேவதூதன் பவுலுக்குத் தோன்றி, ஒருவர் உயிருக்கும் சேதம் வராது என்று வாக்களித்தான். அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பதினான்காம் இரவில், கரை நெருங்குவதாக மாலுமிகளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நூல்விட்டு ஆழம் பார்த்தார்கள். 20 பாகம் இருந்தது. சற்றுப்போய் மீண்டும் பார்த்தார்கள், 15 பாகம் இருந்தது. உடனே பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டார்கள். மாலுமிகள் தப்பியோட முயன்றபோது, அவர்கள் கப்பலில் இராவிட்டால் மற்றவர்கள் பிழைக்க முடியாது என்று பவுலே எச்சரித்தார். 276 பேரும் கரை சேர்ந்தனர்.

தேவனுடைய வாக்கு ஆழம்பார்க்கும் நூலைக் கடலில் எறிந்துவிடச் சொல்லவில்லை. தொழில் அறிந்த மாலுமிகளைத் தேவையற்றவர்கள் ஆக்கவுமில்லை. வாக்குப் பெற்றவரே அவர்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்று கூறினார்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

உங்கள் மகனோ மகளோ விமானி ஆக விரும்பினால் மகிழ்ச்சியடையுங்கள். ஜெபியுங்கள். அதோடு இவற்றையும் செய்யுங்கள்.

முதலாவது, பணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண், காது, இருதயம் இவற்றில் தடை இருந்தால், அது நிலத்தை விற்றபின் தெரியவரக் கூடாது.

இரண்டாவது, முழுப் பயிற்சிக்கும் ஆகும் செலவு இன்று 40, 50 இலட்சத்தைத் தாண்டிவிடும். இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின் விமானப் பறப்பு, விடுதி, மறுதேர்வு இவையெல்லாம் பள்ளி சொல்லும் தொகையில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் முழுவதையும் ஒரே தவணையில் கொடுக்காதிருங்கள்.

மூன்றாவது, பள்ளியில் எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கின்றன, ஒரு மாணவர் மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறார் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே விசாரியுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், டிஜிசிஏ வெளியிடுவதை நேரில் வாசியுங்கள். முகவர் சொல்வதோடு நின்றுவிடாதிருங்கள்.

நான்காவது, பிள்ளை தவறினால் உங்களிடம் வந்து சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். எங்கள் தம்பி தகப்பனாரிடம் சொல்லப் பயந்து பத்து நாள் வெந்துகொண்டிருந்தான். 200 அடியில் ஓடுபாதை தெரியாமல் மேலெழும்பும் விமானியை ஒருவரும் பழிப்பதில்லை. அவர் விதிப்படி நடந்தார். ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் வருவார், அல்லது வேறு ஊரில் இறங்குவார். நம் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு.

பிறகு என்ன ஆயிற்று?

நானும் அவனோடு சென்று தகப்பனாரிடம் சொன்னேன். என் பங்குத் தவறையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நிலம் போனது போனதுதான். நீ திரும்பப் போய், தெரியாததைப் படி" என்றார்.

தம்பி திரும்பிச் சென்றான். தினமும் அதிகாலையில் ஜெபித்தபின், ஒரு காகிதத்தில் வரைந்த ஆறு வட்டங்களை முன்னே வைத்துக்கொண்டு கண்ணைப் பழக்கினான். சிமுலேட்டரில் கூடுதல் மணிகள் கேட்டுப் பெற்றான். இரண்டாம் முறை தேறினான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. கடன் தவணையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காக நாங்கள் இன்றும் ஜெபிக்கிறோம், அவனும் இன்றும் படிக்கிறான். இந்தத் தகுதியை ஒருமுறை பெற்றால் போதாது. காலந்தோறும் சோதனைக்கு உட்பட்டுப் புதுப்பிக்க வேண்டும்.

அன்பான வாசகரே, இன்று நீங்களும் ஏதோ ஒரு மேகத்திற்குள் இருக்கலாம். வேலை, கடன், பிள்ளையின் திருமணம், மருத்துவர் சொன்ன ஒரு சொல். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றோ, "எல்லாம் முடிந்துவிட்டது" என்றோ உங்கள் உள்ளம் சொல்லலாம். இரண்டையும் உடனே நம்பிவிடாதிருங்கள். தேவனுடைய வார்த்தையை முதலில் பாருங்கள். பிறகு கணக்கைப் பாருங்கள். அறிந்தவரிடம் கேளுங்கள். மீண்டும் வார்த்தைக்குத் திரும்புங்கள். ஓயாமல் இப்படிச் செய்யுங்கள். ஓடுபாதையின் விளக்கு தெரியும் நேரம் வரும்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் பத்திரமாய் நடத்துவாராக. ஆமென்.